ஃபிளாஷ் சிப்பில் ஒரு பைட்டை எழுதிப் பார்ப்போம்

தேவையானவை டபிள்யூ25க்யூ32 ஃபிளாஷ் (நினைவக) சிப் ஒன்று, அதற்குக் கட்டளை அனுப்ப நிரல் எழுதி இயக்கும் ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டு ஒன்று, சில வயர்கள்.

முதலில் சிப்புக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். ஒரு பிட்டை (0 அல்லது 1) வைத்திருக்கும் ஒவ்வொரு செல்லும் ஒரு டிரான்சிஸ்டர்; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அதற்குள் மின்சாரம் கடத்தாத சிலிக்கான் டைஆக்சைடு சூழ்ந்த மிதக்கும் கேட் ஒன்று இருக்கிறது. அதில் ஏற்றிய எலக்ட்ரான்கள் மின்சாரம் போனாலும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகின்றன. எலக்ட்ரான் ஏறிய செல் 0, ஏறாத செல் 1. எழுதும் கட்டளையால் 1ஐ 0 ஆக்க மட்டுமே முடியும். மீண்டும் 1 வேண்டுமென்றால் அழிக்க வேண்டும். அதையும் பைட் பைட்டாகச் செய்ய முடியாது. குறைந்தது 4096 பைட் கொண்ட ஒரு செக்டார் முழுவதும் அழியும்.

இணைப்பு எளிது. 3.3 வோல்ட் மட்டுமே கொடுங்கள். 5 வோல்ட் சிப்பைக் கெடுத்துவிடும். சிப்பும் போர்டும் தரவு பரிமாறிக்கொள்ளும் எஸ்பிஐ கால்கள் (பின்கள்) நான்கும் போர்டுக்குப் போகட்டும். எழுதுவதைத் தடுக்கும் காலையும் நிறுத்திவைக்கும் காலையும் 3.3 வோல்டில் கட்டிவிடுங்கள்.

இனி கட்டளைகள். கட்டளை எண்கள் எல்லாம் ஹெக்ஸில், அதாவது 16ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்.

1. சிப்பைத் தேர்ந்தெடுக்கும் சிப் செலக்ட் காலின் மின்னழுத்தத்தைக் கீழே இறக்கி 06 அனுப்பி, மேலே ஏற்றுங்கள். இது எழுத அனுமதி. காலை ஏற்றாமல் அடுத்த கட்டளையைத் தொடர்ந்தால் எதுவும் நடக்காது.

2. 20, பிறகு மூன்று பைட் முகவரி. செக்டார் அழியத் தொடங்கும்.

3. 05 அனுப்பி நிலையைப் படியுங்கள். கடைசி பிட் 0 ஆகும்வரை காத்திருங்கள்.

4. மறுபடியும் 06. அழித்து முடித்ததும் பழைய அனுமதி தானாக நீங்கிவிடும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது.

5. 02, முகவரி, எழுத வேண்டிய பைட். மீண்டும் 05 மூலம் காத்திருந்து, 03 கொடுத்துப் படியுங்கள்.

முதன்முதலில் நான் (இங்கே எண்கள் பிட் பிட்டாக) 10101010 எழுதினேன், சரியாக வந்தது. அழிக்காமல் அதே இடத்தில் 11110000 எழுதினேன். படித்தபோது கிடைத்தது 10100000. வயரில்தான் கோளாறு என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். இரண்டு எண்களையும் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய பிறகுதான் விளங்கியது: இரண்டிலும் 1 இருந்த இடத்தில் மட்டுமே 1 மிஞ்சியிருந்தது. நீங்களும் இதை வேண்டுமென்றே செய்து பாருங்கள். செல்லின் இயல்பு கண்ணெதிரே தெரியும்.

நிறைய பைட்டுகளை எழுதும்போது 256 பைட் பக்க எல்லையைத் தாண்டாதீர்கள். தாண்டினால் மிச்சமுள்ளவை அதே பக்கத்தின் தொடக்கத்தில் போய் விழும்.

நிரலில் அழிக்கும் வரியை, திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் வைக்கவே கூடாது. ஒரு செக்டாருக்கு உறுதி சொல்லப்படுவது 1,00,000 முறை அழிப்பதற்குத்தான். நொடிக்குப் பத்து முறை அழித்தால் மூன்று மணி நேரத்துக்குள் அது தீர்ந்துவிடும்.