வெனமா பாய்சனா? ஒரு விலங்கை பார்த்து பிரிச்சு சொல்றது எப்படி

ஒரு விலங்குக்கு விஷம் இருக்குன்னு கேள்விப்பட்டதும் எல்லாரும் முதல்ல கேக்குறது ஆளை கொல்லுமான்னுதான். அது இப்போ வேணாம். வெனமா பாய்சனான்னு பிரிக்கணும்னா கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அந்த விஷம் உடம்புக்குள்ள எந்த வழியா போகுது? பல்லோ கொடுக்கோ முள்ளோ வச்சு குத்தி தோலுக்கு அடியில ஏத்துனா வெனம். அது பாட்டுக்கு சும்மா இருக்கு, நாமளோ இன்னொரு மிருகமோ போய் தின்னதாலயோ தொட்டதாலயோ உள்ள போச்சுன்னா பாய்சன்.

அதனால முதல் வேலை ஆயுதம் இருக்கான்னு தேடுறது. நல்ல பாம்புக்கு கண்ணுக்கு பின்னாடி சுரப்பி இருக்கு, அதுலேந்து ஒரு குழாய் வந்து பல்லுல சேருது, கடிச்சதும் ஊசி போட்ட மாதிரி உள்ள இறங்கிடும். தேளுக்கு வால் நுனி. பூரான் கடிச்சிடுச்சுன்னு சொல்றோமே, அது உண்மைல பல்லே இல்லைங்க, தலைக்கு கீழ இருக்குற முதல் ஜோடி கால்தான் அப்படி கொக்கியா மாறியிருக்கு. ஆஸ்திரேலியால வாத்து மாதிரி அலகோட ஒரு பாலூட்டி இருக்கே, பிளாட்டிபஸ், அதுல ஆணுக்கு பின்னங்கால்ல முள்ளு. ஆயுதமும் அதோட சேர்ந்த சுரப்பியும் இருந்தா வெனம்னு எழுதிக்கலாம்.

இத மீன்ல வச்சு பாத்தா நல்லா புரியும். லயன் ஃபிஷ்ஷோட முள்ளு குத்துனா உயிர் போற வலி, ஆனா முள்ளை வெட்டி எடுத்துட்டு அந்த மீனை சமைச்சு சாப்பிடுறாங்க, ஏன்னா விஷம் முள்ளுலதான், சதைல இல்ல. பேத்தை மீன் (பஃபர் ஃபிஷ்) அப்படியே தலைகீழ். குத்துறதுக்குன்னு எதுவும் கிடையாது, ஆனா ஈரல்லயும் முட்டைப்பையிலயும் டெட்ரோடோடாக்சின்னு ஒரு விஷம் இருக்கு, எவ்ளோ நேரம் கொதிக்க வச்சாலும் போகாது. முதலாவது வெனம், ரெண்டாவது பாய்சன்.

இங்கதான் நிறைய பேர் வழுக்குவாங்க. விஷத்தோட கெமிக்கல் பேரை வச்சு முடிவு பண்ணவே கூடாது. நீல வளைய ஆக்டோபஸ்கிட்ட இருக்குறதும் இதே டெட்ரோடோடாக்சின்தான், ஆனா அது கடிச்சு எச்சில் வழியா ஏத்துது, அதனால அது வெனம் கணக்கு. (அத புடிச்சு தின்னாலும் ஆபத்துதான், அப்போ பாய்சன் கணக்குலயும் வந்துடும்.)

ஆயுதம் எதுவும் கண்ணுல படலன்னா அது என்ன தின்னுதுன்னு பாருங்க, இது ஒரு நல்ல துப்பு. பாய்சன் உள்ள நிறைய பிராணிங்க விஷத்தை சொந்தமா செய்யுறதே இல்ல, சாப்பாட்டுலேந்து சேத்து வச்சுக்குது. கொலம்பியால இருக்குற தங்க நிற விஷத்தவளை தோல்ல பட்ராகோடாக்சின்னு பயங்கரமான சரக்கு, ஆனா அதே ஜாதி தவளை கூண்டுலயே பொறந்து சாதாரண பூச்சி தின்னு வளந்தா விஷமே இருக்காது. மோனார்க் பட்டாம்பூச்சி புழுவா இருக்கும்போது தின்ன எருக்கு ஜாதி செடியோட விஷத்தை பெருசான பிறகும் உடம்புலயே வச்சிருக்கும். ஆனா எல்லாமே இப்படின்னு நினைச்சுக்காதீங்க, தேரை தன்னோட விஷத்தை தானே செய்யுது.

வெனம் பெரும்பாலும் உடம்பே தயாரிக்குற புரதக் கலவை. அதனாலதான் குதிரைக்கு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி அதோட ரத்தத்துலேந்து ஆன்டிவெனம்ங்குற மாத்து மருந்தை எடுக்க முடியுது. புரதம்தானே, குடிச்சா வயித்துல செரிச்சிடும்னு ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. வாயிலயோ குடல்லயோ சின்ன புண் இருந்தா நேரா ரத்தத்துல கலந்துடும், அந்த விளையாட்டே வேணாம்.

இனத்தை வச்சும் முடிவு பண்ணாதீங்க. தவளைன்னா பாய்சன்தான்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க. பிரேசில்ல கார்லோஸ் ஜாரெட்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஒரு மரத்தவளைய கையில புடிச்சப்போ அஞ்சு மணி நேரம் கை வலிச்சு துடிச்சிருக்கார். பாத்தா அதோட மண்டையோட்டுல இருக்குற குட்டி குட்டி எலும்பு முள்ளு தோலை துளைச்சுட்டு வெளிய வருது, வர்ற வழியில விஷச் சுரப்பியை தாண்டி நனைஞ்சு வருது. தலையால முட்டுனா போதும், உள்ள ஏறிடும். 2015ல இத வெனம் உள்ள தவளைன்னே அறிவிச்சாங்க.

ரெண்டும் சேர்ந்தும் இருக்கும். ஜப்பான்ல ஒரு நீர்ப்பாம்பு ஜாதி, பின்பல்லுல வெனம், கூடவே தேரைய தின்னு அதோட விஷத்தை கழுத்துல இருக்குற சுரப்பில ஸ்டாக் வச்சுக்குது. தேரையே இல்லாத ஒரு தீவுல புடிச்ச பாம்புங்க கழுத்துல அந்த விஷம் இல்ல! எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே ரொம்ப புடிச்ச உதாரணம் இதுதான். அப்புறம் துப்புற நாகம் இருக்கு, பல்லோட முன்பக்க ஓட்டை வழியா கண்ணை பாத்து பீய்ச்சும், குத்தவும் இல்ல நாம திங்கவும் இல்ல. இந்த மாதிரி கேஸுக்கு டாக்ஸஞ்சன் (toxungen) அப்படின்னு மூணாவதா ஒரு வகையே வேணும்னு 2014ல சில உயிரியலாளர்கள் சொன்னாங்க, ஆனா பொதுவா பேசும்போது யாரும் அந்த பேரை எடுக்குறதில்ல.

இதெல்லாம் எதுக்கு பிரிக்கணும்னா, செய்ய வேண்டிய வேலையே வேற. பாம்பு கடிச்சா கடிபட்ட கை காலை அசைக்காம உடனே ஆஸ்பத்திரி, வெட்டுறது உறிஞ்சுறது இறுக்கி கட்டுறது எதுவும் கூடாது. தேரை மாதிரி ஒண்ணை தொட்டுட்டீங்கன்னா கண்ணு வாய் பக்கம் கை போகாம சோப்பு போட்டு கழுவணும். பேத்தை மீன் தின்னவங்களுக்கு மாத்து மருந்தே கிடையாது, விஷம் இறங்குற வரைக்கும் மூச்சு நிக்காம மெஷின் வச்சு பாத்துக்கணும், அதனால உதடு மரத்துப் போகுதுன்னா காத்திருக்காம கிளம்பிடுங்க. பாம்பு செத்துடுச்சேன்னு கையில எடுக்காதீங்க, வெட்டுன தலை கூட ரொம்ப நேரம் கழிச்சு கடிக்கும், அப்பவும் வெனம் இறங்கும்.