ஆளே இல்லாத ஜெர்மன் சின்ன ஸ்டேஷனில் ரயில் பிடிப்பது எப்படி?

திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் நமக்கு ஒரு சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? டீ கடைக்காரரிடமோ பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பவரிடமோ “உழவன் எக்ஸ்பிரஸ் போயிடுச்சாங்க?” என்று கேட்போம், வேலை முடிந்தது. ஜெர்மனியின் சின்ன ஊர் ஸ்டேஷனில் அந்த வழியே கிடையாது. கவுண்டர் மூடிப் பல வருஷம் ஆகியிருக்கும், ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணில் படமாட்டார், காலை பத்து மணிக்கு மேல் பயணிகளும் இரண்டு பேர்தான். அங்கே படிக்கும் மகளோடு இரண்டரை மாதம் இருந்துவிட்டு வந்தேன். பிள்ளைகளைப் பார்க்கக் கடலூர், பாண்டிப் பக்கமிருந்து கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப் பெயர். நமக்கு எத்தனை புதூரோ, அவர்களுக்கு அத்தனை நொய்ஷ்டாட், அர்த்தமும் ஏறக்குறைய அதேதான். அதனால் பெயருக்குப் பின்னால் ஆற்றின் பெயரோ வட்டாரத்தின் பெயரோ ஒட்டியிருக்கும். மைன் ஆற்று ஃபிராங்ஃபர்ட் மேற்கே இருக்கிறது, ஓடர் ஆற்று ஃபிராங்ஃபர்ட் போலந்து எல்லையில் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது அந்த வாலையும் சேர்த்துப் படியுங்கள். முதுநகருக்குப் போகவேண்டியவர் திருப்பாப்புலியூரில் இறங்கினால் ஒரு ஆட்டோவோடு போய்விடும், இது அப்படி இல்லை.

அடுத்தது சுவரில் ஒட்டியிருக்கும் தாள். மஞ்சள் தாள் புறப்பாடு (அப்ஃபார்ட்), வெள்ளைத் தாள் வருகை (அன்குன்ஃப்ட்). உங்களுக்கு வேண்டியது மஞ்சள்தான். வெள்ளையைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றவர்களில் நானும் ஒருவன். மணி வரிசையில் ரயில்கள் இருக்கும், கடைசியில் ‘கிளைஸ்’ என்ற தலைப்பின் கீழ் ஓர் எண் இருக்கும், அதுதான் நீங்கள் நிற்கவேண்டிய தண்டவாளம். பெரும்பாலும் ஒரு மணிக்கு ஒன்று, அதே நிமிஷத்தில் வரும்: 9.17, 10.17, 11.17. அந்த 17ஐ மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும். டிசம்பர் நடுவில் நேர அட்டவணை மாறும், அந்தச் சமயம் போகிறவர்கள் தாளில் தேதியையும் பாருங்கள். தண்டவாளத்தில் வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அதற்கு மூன்று எழுத்து: எஸ்.இ.வி. அந்த எழுத்து தெரிந்தால் பிளாட்பாரத்தில் நிற்காதீர்கள், வெளியே போய் பஸ் நிற்கும் இடத்தைத் தேடுங்கள்.

டிக்கெட் மெஷினில்தான், மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நுழைவாயிலில் கேட் எதுவும் கிடையாது, யாரும் தடுக்கமாட்டார்கள், அதனால் சும்மா ஏறிவிடலாம் என்று தோன்றும். உள்ளே பரிசோதகர் வந்தால் 60 யூரோ அபராதம். சில வட்டாரங்களில் காகித டிக்கெட்டைப் பிளாட்பாரத்திலுள்ள சின்னப் பெட்டிக்குள் நுழைத்து முத்திரை குத்தவேண்டும், குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். ஒரு மாதம் தங்குகிறவர்கள் டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்கச் செல்லும் மாதப் பாஸ்) எடுப்பது லாபம். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58 ஆகி, 2026இல் 63 ஆகிவிட்டது. ஆர்.இ., ஆர்.பி. என்று போட்ட உள்ளூர் ரயில்களுக்கும் டவுன் பஸ்களுக்கும் செல்லும், ஐ.சி.இ. மாதிரி வேக ரயிலுக்குச் செல்லாது. ஒன்று கவனம்: அது சந்தா. மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும்.

ரயில் வந்து நின்றதும் கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருக்காதீர்கள், கதவிலுள்ள பொத்தானை அழுத்தவேண்டும். சில நிறுத்தங்களில் இறங்கவும் முன்கூட்டியே பொத்தானை அழுத்தினால்தான் ரயிலே நிற்கும்.

பெரிய வம்பு வேறொன்று. பலகையில் ஒரே ரயிலுக்கு இரண்டு ஊர்ப் பெயர் இருந்தால், நடுவழியில் ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பாதியை ஓர் ஊருக்கும் பின்பாதியை இன்னோர் ஊருக்கும் அனுப்புவார்கள். நான் ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் பின்பாதியில் உட்கார்ந்து, பெயரே வாயில் நுழையாத ஓர் ஊரில் இறங்கி, திரும்பும் ரயிலுக்கு 50 நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்து புளிசோறு டப்பாவைக் காலி செய்தேன். பெட்டியின் பக்கவாட்டில் ஊர்ப் பெயர் ஓடும், ஏறுமுன் அதைப் படியுங்கள்.

அந்த 50 நிமிஷம் வீணாகவில்லை, கட்டடத்தை நன்றாகப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். மாடி ஜன்னலில் திரைச்சீலை தெரியும், ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பம் அங்கேதான் குடியிருந்தது. பக்கத்தில் பலகைச் சுவரோடு நீளமாக ஒரு கொட்டகை, லாரி வருமுன் உருளைக்கிழங்கும் மரமும் ஏறி இறங்கிய இடம். இன்று இந்தக் கட்டடங்களில் பலவற்றை விற்றுவிட்டார்கள், ஒன்று காபி கடை, இன்னொன்று நூலகம், மற்றது பூட்டு. ஜெர்மனியில் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று நியூரம்பெர்க்கிலிருந்து ஃபுயர்ட்டுக்கு ஓடியது, ‘அட்லர்’ என்ற அந்த இன்ஜின் இங்கிலாந்தில் செய்தது. 1879இல் பாண்டிக்கு ரயில் வந்த காலத்தில் அங்கே சின்ன ஊர்களுக்குக் கிளைப்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஊருக்கு ஊர் கடிகாரம் வேறு, 1893 ஏப்ரல் 1 முதல்தான் நாடு முழுக்க ஒரே மணி, அதற்கு ரயில்தான் முக்கியக் காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு, மேற்கு என்று இரண்டு ரயில்வே, 1994இல் அவை ஒன்றாயின. 1996 முதல் உள்ளூர் ரயில்களை ஏற்பாடு செய்வது மாநிலங்களின் பொறுப்பு, அவை டெண்டர் விட்டு எடுத்தவர் ஓட்டுவதால்தான் ஸ்டேஷன் ஒருவருடையதாகவும் ரயில் வேறு நிறத்திலும் இருக்கிறது.

ஸ்டேஷன் மாஸ்டர் வேலையைப் பல இடங்களில் எங்கோ தூரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பார்க்கிறார், பாயிண்ட் (ரயிலை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடம்) மாற்றுவதும் சிக்னல் கொடுப்பதும் அங்கிருந்தே. இன்னும் கையால் நெம்புகோல் இழுக்கும் கேபின்கள் உண்டு, தண்டவாளத்தோரம் கம்பி ஓடினால் அண்ணாந்து பாருங்கள், ஆள் இருப்பார். அவர்கள் கணக்கில் பாயிண்ட் ஒன்றாவது இருந்தால்தான் அது ‘பான்ஹோஃப்’, இல்லாவிட்டால் வெறும் நிறுத்தம், ‘ஹால்டெபுங்க்ட்’. எவ்வளவு அழகான கட்டடம் இருந்தாலும் சரி.

அப்புறம், குளிர்காலத்தில் போகிறவர்கள் சுடுதண்ணீர் பிளாஸ்க்கை மறக்காதீர்கள். ஸ்டேஷனில் டீ கிடைக்காது, பல இடங்களில் கழிப்பறையும் இருக்காது, வீட்டிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள்.