காட்சிக் கோபுரம் கட்டும்போது எங்கே தவறுகிறோம்?

காட்டுக்குள் ஒரு காட்சிக் கோபுரம் கட்டலாம் என்று பேச்சு எழுந்ததுமே எல்லோரும் கேட்பது, "எத்தனை மீட்டர் உயரம்?" தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. உயரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, யார் ஏறுவார்கள், எந்த மரம் போகும் என்று அப்புறம் யோசித்தால் இரண்டுக்குமே அரைகுறைத் தீர்வுதான் கிடைக்கும்.

மலைப்பகுதியில் உயரத்தை மலையே கொடுத்துவிடுகிறது. பினாங்கில் உள்ள நம் கொடிமலை 833 மீட்டர். அங்கே தி ஹேபிட்டேட் பூங்காவில் உள்ள கர்ட்டிஸ் கிரெஸ்ட் வட்ட நடைபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டரில் இருக்கிறது. நாலாபுறமும் காட்சி விரிவதற்குக் காரணம் அது மலைமுகட்டில் நிற்பதுதான். அதே பூங்காவில் லங்கூர் வே நடைபாலம் 230 மீட்டர் நீளம். சரிவு கீழே விலக விலக, நடப்பவர் மர உச்சிகளுக்கு நடுவே போய்விடுகிறார். ஆகவே இடத்தைச் சரியாகப் பார்த்தால், தரைமட்டத்தில் நுழைந்து ஏறாமலே மர உச்சியை எட்டலாம். படிக்கட்டு, லிஃப்ட், சாய்தளம் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இதைத்தான்: கட்டாமலே எவ்வளவு உயரம் கிடைக்கிறது?

அப்படியும் கோபுரம் வேண்டும் என்றால், சாய்தளக் கணக்கை முதல் நாளே போட வேண்டும். சக்கர நாற்காலிக்குப் பொதுவாக ஏற்கும் உச்சச் சரிவு 12-க்கு 1. அதாவது 40 மீட்டர் ஏற 480 மீட்டர் சாய்தளம். இடையிடையே இளைப்பாறும் சமதளங்கள் தனி. உண்மையில் 12-க்கு 1 என்பது கடை வாசலுக்குச் சரி. அரை கிலோமீட்டர் தொடர்ந்து ஏற அது மிகவும் கடினம், தள்ளுகிறவருக்கும் மூச்சு வாங்கும். ஜெர்மனியின் பவேரியக் காட்டில் 2009-இல் திறந்த மர உச்சி நடைபாதை 1,300 மீட்டர் நீண்டு 44 மீட்டர் கோபுரத்தில் முடிகிறது. சரிவு 6 சதவீதத்தைத் தாண்டாது. டென்மார்க்கில் 2019-இல் வந்த 45 மீட்டர் வனக்கோபுரமும் சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம்தான். இவற்றில் ஏறும் வழியே காட்சி. அடிமரம், நடுக்கிளை, உச்சி என்று காடு மாறிக்கொண்டே வருவதைக் குடும்பமே ஒன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறது.

"லிஃப்ட் வைத்துவிட்டோமே" என்பார்கள். படிக்கட்டோடு ஒரு லிஃப்ட் மட்டும் இருந்தால், மின்சாரம் போகும்போது மேலே இருக்கும் சக்கர நாற்காலிக்காரர் எப்படி இறங்குவார்? மலேசியாவில் பிற்பகல் இடிமழை அன்றாட நிகழ்ச்சி. மின்னல் வந்தால் எல்லோரையும் விரைவாக இறக்கியாக வேண்டும். லிஃப்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நின்றுபோனால் இறங்கும் வழி வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பினாங்கு தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏறுகிறோம், அது வேண்டுதல். காட்டைப் பார்க்க யாரும் வேண்டிக்கொண்டு வருவதில்லை.

மேலே போய்ச் சேர்ந்தாலும் வேலை முடியவில்லை. ஒரு காட்சிமேடையில் என் அத்தையைச் சக்கர நாற்காலியில் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போனோம். அவர் கண்ணுக்கு நேரே கையகலத் தடித்த மரக் கைப்பிடிதான் இருந்தது. நாங்கள் ஆளாளுக்குக் கடலைக் காட்டிப் பேசினோம், அவர் பேசாமல் இருந்தார். உட்கார்ந்தவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய 1.1 முதல் 1.2 மீட்டர். தடுப்பின் மேல்கட்டையும் பெரும்பாலும் அதே உயரத்துக்கு வந்துவிடுகிறது. மெல்லிய செங்குத்துக் கம்பியோ துருப்பிடிக்காத எஃகு வலையோ போட்டு, மேல்கட்டையை ஒல்லியாக்கினால் தீர்ந்தது. கிடைமட்டக் கம்பிகள் வேண்டாம், குழந்தைகளுக்கு அவை ஏணி. நாற்காலியின் கால்தாங்கி உள்ளே போகத் தடுப்பின் அடியில் சற்று இடம் விட்டால் இன்னும் நெருங்கலாம். தொலைநோக்கியில் ஒன்றாவது தாழ்வாக இருக்கட்டும். பார்வையற்றவருக்குத் தொட்டறியும் வரைபடமும், காற்றும் பறவைக்குரலும் கேட்கும் அமைதியான ஒரு மூலையும் வேண்டும்.

தரைப்பலகைகளை நடக்கும் திசைக்குக் குறுக்காகப் பதியுங்கள். நீளவாக்கில் பதித்தால் முன்சக்கரமும் ஊன்றுகோல் முனையும் இடுக்கில் சிக்கும். நம் ஈரத்தில் பாசி பிடிக்கும் என்பதால் சொரசொரப்பும் தேவை.

பொருளைக் கண்மூடி நகலெடுப்பது அடுத்த தவறு. அந்த டென்மார்க் கோபுரம் துருவையே கவசமாக்கிக்கொள்ளும் எஃகினால் ஆனது. அந்தத் துருப்படலம் கெட்டிப்பட, நனைந்து நனைந்து காய வேண்டும். ஓயாத ஈரமும் கடலுப்பும் உள்ள பினாங்கில் அது தொடர்ந்து அரித்துக்கொண்டே போகலாம். இங்கே துத்தநாகம் பூசிய எஃகும், முறையான உரிமத்தோடு வெட்டிய செங்கால் (chengal) என்ற கடினமரமும் நம்பகமானவை. கறையானுக்குச் செங்கால் எளிதில் இடம் கொடுக்காது.

நிலத்தை மறப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. 2017 நவம்பர் புயல்மழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது நமக்கு நினைவிருக்கும். பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மலைநிலமாகக் கருதிக் கட்டுப்பாடு வைத்திருப்பது காரணமில்லாமல் இல்லை. கோபுரத்தின் நான்கு கால்களைவிட, கிரேன் போக வெட்டும் பாதைதான் சரிவை அதிகம் குலைக்கும். ஆள் தூக்கிப்போகும் அளவுக்குச் சிறு பாகங்களாகச் செய்து, மேலே கொண்டுபோய்ப் பூட்டுவது மெதுவான வேலைதான், ஆனாலும் அதுவே சரி. மர உச்சிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் குரங்குகள் தரையில் இறங்கி வண்டிப்பாதையைக் கடக்க வேண்டிவரும். கொடிமலை 2021 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். அங்கே இந்த அக்கறை கூடுதலாகவே வேண்டும். கண்ணாடித் தடுப்பில் பறவைகள் மோதும். இரவு விளக்கும் வேண்டாம்.

பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் கட்டத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு பலகையும் தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கட்டும். புயலுக்குப் பின் யார் ஏறிச் சோதிப்பது என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், தடுப்போடு சேர்ந்த மூன்று மீட்டர் மேடையைப் பிளைவுட்டில் அசல் அளவிலேயே செய்து ஒரு கார் நிறுத்துமிடத்தில் வையுங்கள். ஓகேயூ (OKU) எனப்படும் மாற்றுத்திறனாளி நண்பர்களையும், வெள்ளைக்கோலோடு நடப்பவர்களையும், முழங்கால் வலிக்கிற பெரியவர்களையும், சும்மா இருக்காத சிறுவர்களையும் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அவர்கள் வந்த நாளுக்கு ஊதியமும் கொடுங்கள். பிளைவுட்டை அறுத்து மாற்ற ஒரு மணி நேரம் போதும்.