ரன்னிங் பேக்கின் உச்ச சீசனை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடுவதையே முதன்மை வேலையாகக் கொண்ட ரன்னிங் பேக் ஒருவர் ஒரே சீசனில் ஆயிரத்து எண்ணூறு யார்டு ஓடிவிட்டால், உடனே இரண்டு தீர்ப்புகள் கிளம்பும். இனி லீக்கிலேயே இவர்தான் முதல் ஆள் என்பது ஒன்று. இப்படிப் பிழிந்துவிட்டார்கள், அடுத்த ஆண்டு இவர் உடம்பு தாங்காது என்பது மற்றொன்று. இரண்டு தரப்பினரும் பார்ப்பது பெரும்பாலும் அதே மூன்று எண்களைத்தான்: எத்தனை தடவை பந்தை ஏந்தி ஓடினார், எத்தனை யார்டு, எத்தனை டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது). அந்த மூன்றிலும் ஓடியவருடைய பங்கு, அணியின் பங்கு, தற்செயலின் பங்கு எல்லாம் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் சொல்லும் எந்தத் தீர்ப்பையும் நான் ஏற்பதில்லை. டிமார்கோ முர்ரேயின் கதையைத் தெரிந்துகொண்டால் நீங்களும் ஏற்க மாட்டீர்கள்.

2014-இல் டாலஸ் கவ்பாய்ஸ் அணிக்காக முர்ரே 392 தடவை ஓடி 1,845 யார்டு சேர்த்தார். லீக்கில் முதலிடம். எம்மிட் ஸ்மித் 1995-இல் வைத்திருந்த 1,773 யார்டு என்ற அணிச் சாதனையும் முறிந்தது. அதுவரை அவ்வளவாகப் பேசப்படாத ஒருவர் திடீரென உச்சிக்குப் போய்விட்டதாக எல்லோரும் எழுதினார்கள். முந்தைய ஆண்டின் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 2013-இல் அவர் 217 தடவை ஓடி 1,121 யார்டு எடுத்திருந்தார், தடவைக்கு 5.2 யார்டு. உச்ச ஆண்டான 2014-இல் அது 4.7. தடவைக்குத் தடவை பார்த்தால் அவர் முன்பைவிடக் குறைவாகத்தான் ஓடினார். 2011-இல், அறிமுக ஆண்டிலேயே, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 253 யார்டு ஓடிக் காட்டியவர் அவர். திறமை 2014-இல் முளைத்ததல்ல. அந்த ஆண்டுதான் முதன்முறையாகக் காயத்தால் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் பதினாறிலும் ஆடினார். பயிற்சியாளர்களும் பந்தை அவர் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே உச்ச சீசன் ஒன்றைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, ஆட்டக்காரர் மேம்பட்டாரா, வாய்ப்பு மட்டும் பெருகியதா என்பதுதான். மொத்த யார்டைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

வழி திறப்பவர்களை மறந்துவிடுவது

ரன்னிங் பேக் பந்தை வாங்கும் நொடியில் அவருக்கு முன்னால் ஐந்து தாக்குதல் லைன்மேன்கள் எதிரணியைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். இடைவெளி எங்கே, எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பது பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்கிறது. 2014-இல் டாலஸ் அணியின் முன்வரிசையில் டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடரிக், ஸாக் மார்ட்டின் என்று மூன்று பேர் புரோ போல் எனப்படும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு பெற்றவர்கள்.

முர்ரே அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்குப் போனார். 193 ஓட்டம், 702 யார்டு, தடவைக்கு 3.6. அதே 2015-இல் டாலஸில் அவர் இடத்தை நிரப்பியவர் டாரன் மெக்ஃபேடன். ஓக்லாண்டில் காயங்களோடே காலம் தள்ளியவர், முடிந்துபோனவர் என்று ஒதுக்கப்பட்டவர். அவர் அந்த முன்வரிசைக்குப் பின்னால் ஓடி 1,089 யார்டு எடுத்தார், தடவைக்கு 4.6. அதற்கடுத்த ஆண்டு எசேக்கியல் எலியட் அறிமுக சீசனிலேயே 1,631 யார்டுடன் லீக்கில் முதலிடம் பிடித்தார். எலியட் பெரிய ஆட்டக்காரர்தான். ஆனால் மூன்று ஆண்டுகளில் மூன்று பேர், முன்வரிசையின் மையம் மட்டும் மாறவில்லை.

இதைவிடத் தெளிவான சாட்சி 2018-இன் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். டாட் கர்லிக்கு முழங்கால் தொல்லை வந்தபோது, அந்த ஆண்டு வேறு அணிகளால் விடுவிக்கப்பட்டிருந்த சி.ஜே. ஆண்டர்சனைக் கடைசி வாரங்களில் கூப்பிட்டு இறக்கினார்கள். முதல் ஆட்டத்தில் 167 யார்டு, அடுத்ததில் 132. கர்லி சிறந்தவர் இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அவர் எடுத்த யார்டுகளில் கணிசமான பகுதி யார் ஓடினாலும் கிடைத்திருக்கக்கூடியது என்பதே பொருள். எனவே, எதிரணியினர் முதலில் அவர் மேல் மோதுவதற்கு முன் கிடைத்த யார்டையும் அதற்குப் பின் அவராகப் பிடுங்கிய யார்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அணியில் இரண்டாம் ரன்னிங் பேக் எப்படி ஓடினார் என்று பாருங்கள். அவரும் நன்றாக ஓடியிருந்தால் பாராட்டில் பாதியை முன்வரிசைக்குக் கொடுங்கள்.

370 என்னும் எல்லைக்கோடு

ஒரு சீசனில் 370 தடவையோ அதற்கு மேலோ ஓடியவர் அடுத்த ஆண்டு விழுந்துவிடுவார் என்றொரு நம்பிக்கை நெடுங்காலமாக உலவுகிறது. எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. 1998-இல் ஜமால் ஆண்டர்சன் 410, டெரல் டேவிஸ் 392. 1999 தொடங்கிய சில வாரங்களிலேயே இருவர் முழங்காலும் போய்விட்டது. லாரி ஜான்சன் 2006-இல் 416 தடவை ஓடினார், இன்றுவரை அதுதான் சாதனை. அடுத்த ஆண்டு எட்டே ஆட்டங்களோடு பாதத்தில் காயம். பட்டியலைப் படித்தால் பயம் வரும்.

ஆனால் டேவிஸின் முழங்கால் எப்படிப் போனது? அவர் பந்தை ஏந்தி ஓடவே இல்லை. நியூயார்க் ஜெட்ஸ் அணியினர் பந்தை இடைமறித்துக்கொண்டு ஓட, அவரைப் பிடிக்கப் பாய்ந்தபோது சொந்த அணி வீரர் ஒருவர் டேவிஸின் காலில் விழுந்தார். முந்தைய ஆண்டின் 392 ஓட்டங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு சொல்ல முடியும்?

370-ஐத் தொட வேண்டுமானால் என்னென்ன கூடிவர வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லா ஆட்டங்களிலும் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். முன்வரிசை கலையாமல் இருக்க வேண்டும். அணி அடிக்கடி முன்னிலையில் இருக்க வேண்டும், ஏனென்றால் முன்னிலையில் இருக்கும் அணிதான் கடிகாரத்தை ஓட்டுவதற்காகப் பந்தைத் தரையோடு கொண்டுபோகும். பங்குபோட வலுவான இரண்டாம் ஆள் இருக்கக் கூடாது. இத்தனையும் சேர்ந்த ஆண்டுதான் அந்த ஆண்டு. மறுஆண்டு இவற்றில் ஒன்று குலைந்தாலும் எண்ணிக்கை இறங்கும். ரன்னிங் பேக் வேலையில் காயம் சாதாரணம். 200 தடவை ஓடியவர் மறுஆண்டு காயப்பட்டால் யாரும் அதைச் சாபம் என்று எழுதுவதில்லை. சுமையின் விளைவை அறிய வேண்டுமானால், 370 ஓடியவரை அவருடைய உச்ச ஆண்டோடு ஒப்பிடக் கூடாது. 300 ஓடிய மற்றவர்கள் மறுஆண்டு என்ன ஆனார்கள் என்பதோடு ஒப்பிட வேண்டும்.

எதிர்ச்சாட்சிகளும் இருக்கின்றன. எரிக் டிக்கர்சன் 1983-இல் அறிமுக ஆண்டிலேயே 390 தடவை ஓடினார். மறுஆண்டு 379 தடவை ஓடி 2,105 யார்டு எடுத்தார். ஒரு சீசனுக்கான அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை. வால்டர் பேட்டன் 1979-இல் ஓடியது 369 தடவை. இன்னும் ஒரே ஒரு ஓட்டம் ஓடியிருந்தால் அவர் கோட்டைத் தொட்டிருப்பார். உடம்புக்கு அந்த ஒன்று என்ன செய்திருக்கும்? முர்ரேயும் இங்கே திரும்பி வருகிறார். 2015-இல் அவர் சரிந்தபோது, 392 ஓட்டங்கள் அவரைத் தின்றுவிட்டன என்றே சொன்னார்கள். 2016-இல் டென்னசி டைட்டன்ஸ் அணிக்கு மாறி 1,287 யார்டு ஓடினார். தேய்ந்துபோன கால்கள் ஓராண்டு கழித்துப் புதிதாக முளைப்பதில்லை. ஃபிலடெல்ஃபியாவின் ஆட்டமுறை அவருக்குப் பொருந்தவில்லை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது: அங்கே குவார்ட்டர்பேக்கின் (பந்தை எறிந்தோ கைமாற்றியோ தாக்குதலை நடத்துபவர்) பக்கத்தில் நின்றபடி பந்தை வாங்கிப் பக்கவாட்டில் ஓட வேண்டியிருந்தது, டாலஸில் பின்னாலிருந்து வேகமெடுத்து வந்து வாங்கினார்.

சுமையே ஒரு பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை. தவறு, அதை ஆண்டு மொத்தமாக மட்டும் எண்ணுவதில் இருக்கிறது. 2014 டிசம்பரில் முர்ரேயின் இடது கை எலும்பு முறிந்தது. மறுநாள் அறுவை சிகிச்சை. அந்த வாரக் கடைசியிலேயே, 42-7 என்று டாலஸ் வென்ற ஆட்டத்தில், அவர் 22 தடவை ஓடினார். அது அவருடைய ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு. மறுஆண்டு தன்னிடம் இருப்பாரா என்று உறுதியில்லாத ஆளைக் காப்பாற்றி வைக்க அணிக்குப் பெரிய காரணம் இருக்கவில்லை என்றே நினைக்கிறேன். டெரிக் ஹென்றி 2020-இல் 378 தடவை ஓடி 2,027 யார்டு எடுத்தார். மறுஆண்டும் குறைக்கவில்லை: முதல் எட்டு ஆட்டங்களில் 219 ஓட்டம், ஆட்டத்துக்கு 27-க்கும் மேல். எட்டாவது ஆட்டத்தில் பாத எலும்பு முறிந்தது. தேய்மானத்தைத் தேடுகிறவர்கள் இப்படி வாரத்துக்கு வாரம் இடைவெளியில்லாமல் ஏறும் சுமையைப் பார்க்க வேண்டும். 370-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பதில் பயனில்லை.

எண்ணிக்கையில் விட்டுப்போவதும் உண்டு. கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2019-இல் ஓடியது 287 தடவைதான். ஆனால் 116 பாஸ்களைப் பிடித்தார். பந்து அவர் கைக்கு வந்தது 403 தடவை. மறுஆண்டு மூன்று ஆட்டங்களோடு சரி. வழக்கமான சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களும் சீசன் கணக்கில் ஏறுவதில்லை: சாக்வான் பார்க்லியின் 2024 சீசன் 345 ஓட்டம் என்றுதான் ஏட்டில் இருக்கும், பிளேஆஃபில் ஓடிய 91-ஐயும் சேர்த்தால் 436. குவார்ட்டர்பேக்கைக் காக்க எதிரணியின் பாய்ச்சலை நெஞ்சில் வாங்கிய தடவைகளோ எந்தப் பொதுக் கணக்கிலும் வருவதில்லை.

நீண்ட ஓட்டங்களும் சராசரியும்

பார்க்லியின் அந்த சீசன் 2,005 யார்டு, தடவைக்கு 5.8. அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் 3.9. நவம்பரில் ராம்ஸ் அணிக்கு எதிராக அவர் 26 தடவை ஓடி 255 யார்டு எடுத்தார். அதில் 70 யார்டு ஒன்று, 72 யார்டு ஒன்று. மீதி 24 ஓட்டங்களில் 113, தடவைக்கு 4.7. பனி கொட்டிய ஜனவரி பிளேஆஃபில் அதே அணிக்கு எதிராக மீண்டும் 26 ஓட்டம், 205 யார்டு. 62 ஒன்று, 78 ஒன்று. மீதி 24-இல் வெறும் 65, தடவைக்கு 2.7.

இதைக் காட்டி, பெரிய ஓட்டங்களைக் கழித்துவிட்டால் பார்க்லி சாதாரணமானவர் என்று வாதிடுவோர் உண்டு. அதுவும் தவறுதான். இடைவெளி கிடைத்த நொடியில் எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு எல்லைவரை போவது அவருடைய தனித்திறமை. மற்றவர்கள் 15 யார்டில் மடக்கப்பட்டிருப்பார்கள். ஆனால் அப்படிப்பட்ட ஓட்டங்கள் ஆண்டுதோறும் அதே எண்ணிக்கையில் வருவதில்லை. 5.8-ஐ அவருடைய வழக்கமான அளவாக வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்: 2025-இல் அவர் 1,200 யார்டைக்கூடத் தொடவில்லை. 2,005-உம் அவரே, அதுவும் அவரே.

டச்டவுன் எண்ணிக்கை இதைவிட நிலையற்றது. பாதியும் எல்லைக்கோட்டுக்கு ஓரிரு யார்டு தொலைவில் யாரிடம் பந்து கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஜமால் வில்லியம்ஸ் 2022-இல் டெட்ராய்ட் அணிக்காக ஓடி 17 டச்டவுன் அடித்து லீக்கில் முதலிடம் பெற்றார். 2023-இல் நியூ ஆர்லியன்ஸ் போனார். கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் வரை ஒன்றுகூட இல்லை. வெற்றி உறுதியான பிறகு, முழங்காலிட்டு ஆட்டத்தை முடிக்கச் சொன்ன பயிற்சியாளரின் பேச்சை மீறி, சக வீரர்களே சேர்ந்து அவருக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். ரஹீம் மாஸ்டர்ட் 2023-இல் ஓடி அடித்தது 18, 2024-இல் 2.

வயது, ஒப்பந்தம்

முப்பது வயதில் ரன்னிங் பேக் முடிந்துவிடுவார் என்பது பொதுவாகச் சரியான எச்சரிக்கைதான், ஒவ்வொருவருக்கும் பொருந்தும் சட்டமல்ல. ஹென்றி தமது முப்பதாவது வயதில், 2024-இல், பால்டிமோர் அணிக்காக 1,921 யார்டு ஓடினார். முதல் இரண்டு ஆண்டுகள் டென்னசியில் அவருக்கு முன்னால் இருந்தவர் யார் தெரியுமா? முர்ரேதான். அதனால் ஹென்றிக்கு அறிமுக ஆண்டில் கிடைத்தது 110 ஓட்டம் மட்டுமே. பிறந்த ஆண்டைப் பார்ப்பதோடு, எத்தனை சீசன் முழுச்சுமை சுமந்தார் என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் தவறுகள் ரசிகர்களின் வாக்குவாதத்தோடு நிற்பதில்லை. ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் போய் விழுகின்றன. ஜாஷ் ஜேக்கப்ஸ் 2022-இல் 340 தடவை ஓடி 1,653 யார்டுடன் லீக்கில் முதலிடம் பெற்றார். அவருடைய அணி நீண்ட ஒப்பந்தம் தரவில்லை. ஏறத்தாழ 1 கோடி டாலருக்கு ஓராண்டு மட்டும் பிடித்து வைத்தது. முகாமுக்கு வராமல் ஆகஸ்ட் கடைசிவரை அவர் விலகி நின்றார். 2023-இல் 805 யார்டு, தடவைக்கு 3.5. சுமை அவரை முடித்துவிட்டது என்ற பேச்சு எழுந்தது. கிரீன் பே பேக்கர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. 2024-இல் அங்கே 301 தடவை ஓடி 1,329 யார்டும் 15 டச்டவுனும் எடுத்தார், ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல்.