ஏரியில் நச்சுப்பாசியா? கரையில் நின்றே கண்டறியும் முறை

ஊசுட்டேரி, பாகூர் ஏரி, வீராணம் என எந்த ஏரியானாலும் சரி, வெயில் காலத்தில் கரையோரம் பச்சைப் படலம் கட்டினால் வெறும் பாசிதானே என்று விட்டுவிடாதீர்கள். அது நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். பெயர்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சாக்கடை நீரும் வயல் உரமும் கொண்டுவரும் பாஸ்பரஸ், நைட்ரஜன்தான் அதற்குத் தீனி. ஆகவே, ஏரிக்குள் என்ன கலக்கிறது என்பதற்கும் இந்தப் படலம் ஒரு தடயம்.

1. இடமும் நேரமும். மதகு, படித்துறை என இரண்டு இடங்களை முடிவு செய்து, வாரம் ஒருமுறை அதே நேரத்தில் போங்கள். காற்று பாசியை ஒரு கரைக்குத் தள்ளிவிடும். அதனால் எதிர்க்கரையையும் ஒரு பார்வை பாருங்கள். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

2. குச்சி. கையுறை போட்டுக்கொண்டு நீளமான குச்சியைப் படலத்தில் விட்டு எடுங்கள். நூல் நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பச்சைப்பாசி. பெயின்டில் தோய்த்ததுபோல் குச்சி முழுக்கப் பூசிக்கொண்டால் சந்தேகப்படுங்கள்.

3. பாட்டில். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு ஏரித் தண்ணீர் எடுத்து, நிழலில் ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். மைக்ரோசிஸ்டிஸ் செல்லுக்குள் நுண்ணிய காற்றுப்பைகள் இருப்பதால், மேலே ஏறிக் கழுத்தோரம் பச்சை வளையமாக நிற்கும். அடியில் தண்ணீர் தெளிந்திருக்கும். பச்சைப்பாசி பெரும்பாலும் கீழே படியும். மிதக்காத நச்சு வகைகளும் உண்டு. ஆகவே, வளையம் இல்லை என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிடாதீர்கள்.

4. சேக்கி தட்டு. தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கும் தட்டு இது. 20 செ.மீ. வட்டத் தகட்டில் கறுப்பு, வெள்ளை மாறி மாறி நான்கு கால்பகுதிகளாகப் பெயின்ட் அடித்து, அளவு குறித்த கயிற்றில் கட்டுங்கள். மதகிலிருந்து நிழல் பக்கமாக இறக்கி, மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். பாசி பெருகினால் இந்த எண் குறையும். மழை வந்து கலங்கல் ஏறினாலும் குறையும் என்பதால் மழையையும் குறித்து வையுங்கள்.

5. நோட்டு. தேதி, நேரம், காற்று, நிறம், நாற்றம், மீன் செத்து மிதந்ததா, ஒரு போட்டோ.

நஞ்சு உண்டா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் நஞ்சான மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது நீண்டகாலக் குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. கடலூர்ப் பக்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், புதுவையில் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கும் உங்கள் நோட்டோடு மனு கொடுங்கள். முடிவு வரும்வரை அந்தப் படித்துறையில் மாட்டை இறக்க வேண்டாம் என்று மேய்ப்பவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.