நரம்பு என்று சொல்லிவிடாதீர்கள்

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது தாதியராகவும் ரேடியோகிராஃபராகவும் வருகிறார்கள். இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி அறையில், அதாவது திரையில் படம் பார்த்துக்கொண்டே இரத்தக் குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் அறையில், முதல் மாதம் அவர்கள் விடும் தவறுகளில் பாதி கையால் நடப்பதில்லை, வாயால் நடக்கிறது.

ஒரு தடவை சர்க்கரை நோயால் கால்விரல் கறுத்துப்போன கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் வந்தார். டாக்டர் சிங்களத்தில் விளக்க, நம் பிள்ளை மொழிபெயர்த்தது: "தொடையில ஊசி குத்தி, நரம்பு வழியா வயரை விடுவாங்கம்மா." சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை அம்மா கீழே வைத்துவிட்டார். "நரம்புல கை வச்சா கால் விழுந்துருமே தங்கச்சி, அப்புறம் மலையில எப்படி ஏறுறது?" அவர் பயந்ததில் தப்பே இல்லை. நம் பேச்சில் உணர்ச்சியைக் கடத்தும் நரம்பும் இரத்தம் ஓடும் குழாயும் ஒரே சொல்தான். பாடப்புத்தகத்தில் நாடி, நாளம் என்று படித்திருப்போம். ஆனால் தோட்ட லயத்தில் 'நாடி' என்றால் கை பிடித்துப் பார்ப்பது. 'இரத்தக் குழாய்' என்று சொல்லுங்கள், போதும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைப்போம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

அடுத்தது 'அஞ்சியோ'. அஞ்சியோகிராம் என்பது சாயம் செலுத்திக் குழாயைப் படம் பார்ப்பது. அஞ்சியோபிளாஸ்டி என்பது அடைப்பை விரிப்பது. இரண்டையும் சுருக்கி 'அஞ்சியோ செஞ்சாச்சு' என்றால், அடைப்பு எடுபட்டுவிட்டது என்று நினைத்து வீட்டார் நிம்மதியாகப் போய்விடுவார்கள். 1964இல் அமெரிக்காவின் ஓரிகனில் சார்ல்ஸ் டொட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் முதன்முதலாக இப்படிக் குழாயை விரித்தது, காலை வெட்ட ஒப்புக்கொள்ளாத 82 வயதுப் பெண்மணிக்குத்தான். இப்போது போல அடைப்பை விரிக்கும் பலூன்கூட இல்லை, ஒன்றைவிட ஒன்று தடித்த கதீட்டர்கள்தான், அதாவது உள்ளே விடும் மெல்லிய குழாய்கள். நம் அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

சரி, இனி கை வேலை. ஊசியின் கேஜ் எண் கூடக் கூட ஊசி மெலியும். கதீட்டரின் ஃபிரெஞ்ச் எண் கூடக் கூடக் கதீட்டர் தடிக்கும். 3 ஃபிரெஞ்ச் என்றால் 1 மில்லிமீட்டர். கதீட்டருக்கு இது வெளி விட்டம், ஷீத்துக்கோ (கதீட்டர் போய்வர வாசலாக வைக்கும் உறைக் குழாய்) உள் விட்டம். ஆகவே 6 ஃபிரெஞ்ச் ஷீத் போட்டால் குழாயில் விழும் ஓட்டை 2 மில்லிமீட்டரை விடப் பெரியது. கதீட்டருக்கு வழிகாட்டும் வயரின் கணக்கு அங்குலத்தில்: 0.035 வயர் 18 கேஜ் ஊசிக்குள் போகும், 21 கேஜுக்குள் போகாது, அதற்கு 0.018 வேண்டும். மேசையில் எடுத்து வைக்கும்போதே பொருத்திப் பாருங்கள்.

1953இல் சுவீடன் கதிரியக்க மருத்துவர் செல்டிங்கர் எழுதிய முறைதான் இன்றும்: ஊசி, அதற்குள் வயர், ஊசியை உருவிவிட்டு வயரின் மேல் கதீட்டர். வயரின் வால் கதீட்டரின் பின்பக்கம் வெளியே வந்து, அதைக் கையில் பிடித்த பிறகே தள்ள வேண்டும். பிடிக்காமல் தள்ளினால் வயர் முழுசாக உள்ளே போய்விடும். தடுக்கிறதென்றால் நிறுத்தித் திரையைப் பாருங்கள். பலம் காட்டினால் குழாயின் உட்சுவர் கிழியும். வழுக்கும் பூச்சுள்ள வயரை உலோக ஊசி வழியே பின்னால் இழுக்கவே கூடாது, பூச்சு சீவுப்பட்டு உள்ளேயே தங்கிவிடும்.

கடைசியில், எல்லாவற்றையும் வெளியே எடுத்ததும் இரத்தம் நிற்க அமுக்குவது. எல்லோரும் தோலில் ஓட்டை தெரியும் இடத்தில் அமுக்குவார்கள். ஊசி சாய்வாகப் போவதால் குழாயில் விழுந்த ஓட்டை அதற்குச் சற்று மேலே, இடுப்புப் பக்கமாக இருக்கிறது. பீலித் தண்ணீர்க் குழாயில் வெடிப்பு என்றால் தண்ணீர் வரும் பக்கத்தில்தானே அமுக்குவோம்? அங்கே விரலை வைத்துப் பதினைந்து இருபது நிமிடம், இடையில் எடுத்து எட்டிப் பார்க்காமல்.

வார்டுக்குப் போன பிறகு "முதுகு வலிக்குது" என்றால், படுத்தே கிடப்பதால் என்று சமாதானம் சொல்லாதீர்கள். தொடையில் குத்தியது கொஞ்சம் மேலே போயிருந்தால் இரத்தம் வெளியே சொட்டாமல் வயிற்றுக்குப் பின்னால் சேரும். கட்டு வெள்ளையாகவே இருக்கும். முதலில் பிரஷரைப் பாருங்கள், அடுத்த நிமிடம் டாக்டரைக் கூப்பிடுங்கள்.