களப்பாடல் பதிவுகளைத் திருப்பித் தருவோர் தவிர்க்க வேண்டியவை

ஆப்பிரிக்காவின் பழைய பாடல் பதிவுகளை உரிய ஊர்களுக்குத் திருப்பித் தரும் பணிக்கு இப்போது புதியவர்கள் நிறைய வருகிறார்கள். கருவி கையாள்வதில் நேரும் பிழைகள் பழகப் பழகச் சரியாகிவிடும். மற்றவை அப்படியல்ல.

தலைநகரில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவது

இன்றும் எனக்கு ஆத்திரமூட்டுவது இது. ஆவணக் காப்பகத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, அன்றிரவே விமானம் ஏறிவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்த ஒன்று உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்த குரல்களை அடையாளம் சொல்லக்கூடிய மூதாட்டி அதற்குள் இறந்துவிட்டார்.

ஆப்பிரிக்க இசையைத் தேடிப் பதிவு செய்த ஆய்வாளர் ஹியூ டிரேசி 1950இல் கென்யாவின் காப்கடெட்டில் கிப்சிகிஸ் மக்களின் 'செமிரோச்சா' பாடலைப் பதிவு செய்தார். அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ராஜர்ஸின் இசைத்தட்டைக் கேட்டு வியந்த இளம்பெண்கள், அவரைப் பாதி மனிதர், பாதி மான் என்று கற்பனை செய்து பாடியது அது. டிரேசி 1954இல் நிறுவிய சர்வதேச ஆப்பிரிக்க இசை நூலகம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது, பதிவுகளும் அங்கேதான். ஏறக்குறைய 65 ஆண்டுகள் கழித்து, நைரோபியின் கெட்டெபுல் மியூசிக் குழுவினரோடு சேர்ந்து நூலகம் அவற்றின் நகல்களை ஊருக்கே எடுத்துச் சென்றது. டிரேசிக்காக அன்று பாடிய முதியவர் ஒருவர் அப்போதும் உயிருடன் இருந்தார். நூலகத்திடம் நாடாக்கள் இருந்தன. ஊரையும் மொழியையும் அறிந்தவர்கள் கென்யாவில் இருந்தார்கள். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தச் சந்திப்பு நடந்திருக்காது.

ஆகவே எந்தப் பாட்டு, யார் பாடியது என்ற பட்டியலை அச்சுக்கு அனுப்பிவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். வரைவாகவே எடுத்துச் செல்லுங்கள். ஹெட்போனை ஒவ்வொருவர் காதிலும் மாட்டாமல் ஒலிபெருக்கியில் போடுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால்தான் "அது அவள் குரல் இல்லை" என்று வாக்குவாதம் வரும். அதையும் பதிவு செய்யுங்கள். எந்தச் சடங்கில் பாடியது, எதை வெளியார் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அந்த வாக்குவாதத்தில்தான் வெளிவருகின்றன.

பதிவோடு வரும் பழைய குறிப்பு அட்டையை அப்படியே நம்புவது

எழுதியவர் அந்த ஊரில் ஒரு பகல் மட்டுமே இருந்திருக்கலாம்.

கேட்காமல் மறுகலவை செய்வது

இளைஞர்கள் பழைய பாட்டுக்குப் புதிய தாளம் சேர்ப்பதை மனதார வரவேற்கிறேன். கேட்க ஆளில்லாத பாட்டு காப்பகத்தில் இருந்து யாருக்கு என்ன பயன்? ஆனால் 1950இல் ஒலிவாங்கி முன் நின்றதை இதற்கான சம்மதமாகக் கொள்ள முடியாது. குடும்பத்தாரைத் தேடிக் கேளுங்கள். வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை வெளியிடும் முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் ஆய்வாளரை நன்றியுரையில் அடக்குவது

அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும்.

ஒரே பயணத்துக்கு நிதி கேட்பது

திருத்திய பட்டியலோடு மறுபடி போகப் பணம் ஒதுக்காத திட்டத்தில் கையெழுத்திடாதீர்கள்.